கமோவாவிடம் இல்லாத அந்த ஒரு பதக்கம்

ரஷ்யக் கரப்பந்தாட்ட வீராங்கனை எகத்தரீனா கமோவாவைப் பற்றி எங்கே கதை தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "பெரிய ஆள்தான், ஆனா ஒலிம்பிக் தங்கம் எடுக்கேல்லைத் தானே." எங்களுக்கு அந்த "ஆனா"வோடுதான் பிரச்சினை. இரண்டு முறை உலக சம்பியன், இரண்டு முறை ஐரோப்பிய சம்பியன், இரண்டு ஒலிம்பிக் வெள்ளி. இவ்வளவையும் சொல்லிவிட்டு, இல்லாத ஒன்றை வைத்துக் கணக்கு முடிப்பது என்ன நியாயம்?

முதலில் ஆளைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கமோவா 1980 இல் உரல் மலைப் பக்கத்து செல்யாபின்ஸ்க் நகரில் பிறந்தவர். உயரம் 2 மீற்றர் 2 சென்ரிமீற்றர். பதின்ம வயதிலேயே உரலோச்கா கழகத்துக்குப் போனார். அந்தக் கழகத்தையும் தேசிய அணியையும் ஒரே ஆள்தான் பயிற்றுவித்தார்: நிகொலாய் கார்ப்பொல். இடைவேளையில் வீராங்கனைகளைப் பார்த்து அவர் கத்துகிற கத்து உலகம் முழுக்கப் பிரசித்தம். பிறகு டைனமோ மொஸ்கோ, ஒரு பருவம் துருக்கியின் ஃபெனர்பாச்சே, 2010 இலிருந்து டைனமோ கசான். 2016 இல் காயங்களோடு விளையாட்டிலிருந்து ஓய்வு.

இனி விஷயத்துக்கு வருவோம். கமோவாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற ஐந்து பெரிய ஆட்டங்கள் இருக்கின்றன. ஐந்துமே ஐந்தாவது செற் வரை போனவை.

2000, சிட்னி ஒலிம்பிக் இறுதி. கமோவாவுக்கு 19 வயது. முதல் இரண்டு செற்றையும் ரஷ்யா எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு கியூபா மூன்றையும் எடுத்தது. கடைசி செற் 15-7.

2004, ஏதென்ஸ் இறுதி. திரும்பவும் ரஷ்யா இரண்டு செற் முன்னிலை. திரும்பவும் தோல்வி. இந்த முறை சீனா, கடைசி செற் 15-12. கமோவா மட்டும் 33 புள்ளிகள் எடுத்தார்.

2006, ஒசாகா, உலக சம்பியன்ஷிப் இறுதி. பிரேசிலுக்கு எதிராக ரஷ்யா வென்றது, 15-13.

2010, ரோக்கியோ, அதே கிண்ணம், அதே பிரேசில். ரஷ்யாவுக்கு வெற்றி, 15-11. கமோவா 35 புள்ளிகள், தொடரின் சிறந்த வீராங்கனையும் அவர்தான்.

2012, லண்டன் ஒலிம்பிக் கால் இறுதி. மறுபடி பிரேசில். கடைசி செற்றில் ரஷ்யாவுக்கு ஆட்டத்தை முடிக்க ஆறு வாய்ப்புகள் வந்தன. ஆறையும் பிரேசில் தடுத்து, 21-19 என்று வென்றது.

இதை ஒருக்கா மேலிருந்து கீழே திரும்ப வாசித்துப் பாருங்கள். சிட்னியை விடுவோம், அங்கே கடைசி செற்றில் கியூபா தெளிவாக மேலே நின்றது. மற்ற நாலிலும் வித்தியாசம் மூன்று, இரண்டு, நான்கு, இரண்டு. இரண்டு புள்ளி இந்தப் பக்கம் விழுந்த ஒசாகாவில் அவர் "உலக சம்பியன்". அதே இரண்டு புள்ளி மற்றப் பக்கம் விழுந்த லண்டனில் "முக்கியமான நேரத்தில் முடிக்க ஏலாதவர்". அதே ஆள், அதே கை. எங்கட வாயில் வருகிற தீர்ப்பு மட்டும் தலைகீழ்.

"அப்பிடிச் சொல்ல ஏலாது, பெரிய ஆள் எண்டா அந்த இரண்டு புள்ளியையும் எடுக்க வேணும்" என்று சிலர் வாதிடுவார்கள். லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. அழுத்தத்தில் விளையாடுவதும் ஒரு திறமைதான். ஆனால் அந்த வாதத்தை ஏதென்ஸ் அரை இறுதிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே பிரேசில் இரண்டுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருந்தது. நாலாவது செற்றில் 24-19. இன்னும் ஒரே ஒரு புள்ளி போதும். அந்த ஒரு புள்ளியை ரஷ்யா கொடுக்கவே இல்லை. அந்த செற்றையும் எடுத்து, ஐந்தாவதையும் எடுத்து இறுதிக்குப் போனது. அந்த ரஷ்ய அணியில் கமோவாவும் இருந்தார். அப்ப அவருக்கு அழுத்தத்தில் விளையாடத் தெரிந்திருந்ததா, எட்டு வருஷம் கழித்து லண்டனில் மறந்துவிட்டதா?

பிரேசிலின் பக்கத்தையும் பார்க்கலாம். 2004 இல் 24-19 இலிருந்து தோற்ற அணிக்கும், 2012 இல் ஆறு முறை சாவின் வாசலில் நின்று திரும்பிய அணிக்கும் பயிற்றுவிப்பாளர் ஒருவர்தான்: சோசே ரொபேர்ட்டோ கிமாறைஸ். ஏதென்ஸ் தோல்வியை வைத்து அவரை அளந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அளக்காததால் 2008 இலும் 2012 இலும் பிரேசில் பெண்கள் ஒலிம்பிக் தங்கம் எடுத்தார்கள்.

இன்னொன்றும் இருக்கு. கரப்பந்தாட்டம் எங்கட நாட்டின் தேசிய விளையாட்டு, ஆகவே இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. ஆறு பேர் விளையாடுகிற ஆட்டம் இது. பந்தைப் பிடித்து வைத்திருக்க முடியாது. ஒருவர் சேர்விஸை எடுக்க வேணும், இன்னொருவர் தூக்கிக் கொடுக்க வேணும், அதற்குப் பிறகுதான் அடிக்கிறவருக்கு வேலை. முதல் பாஸ் நல்லா வந்தால் தூக்கிக் கொடுப்பவர் நினைத்த பக்கம் பந்தை அனுப்பி எதிரணியை ஏமாற்றலாம். பாஸ் பிழைத்துவிட்டால் ஒரே வழிதான், உயரமாகத் தூக்கி நம்பிக்கையான ஆளிடம் விட வேணும். ரஷ்யாவில் அந்த ஆள் பெரும்பாலும் கமோவா. அவரிடம் பந்து வருகிறது என்று அரங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எதிரே இரண்டு பேர், சிலநேரம் மூன்று பேர் கைகளை உயர்த்திக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கைகளுக்கு மேலால், பக்கத்தால், விரல் நுனியில் பட்டு வெளியே போகிற மாதிரி அடிக்க வேணும். ஒரு ஆட்டத்தில் 35 புள்ளி என்பதன் அர்த்தம் அதுதான்.

அவரோடு விளையாடிய லியுபோவ் சொகொலோவாவை எடுங்கள். அதே சிட்னி, அதே ஏதென்ஸ், அதே ஒசாகா, அதே ரோக்கியோ, அதே லண்டன். சேர்விஸை எடுக்கிற வேலையும் அவருக்கு இருந்தது, அடிக்கிற வேலையும் இருந்தது. அவரிடமும் ஒலிம்பிக் தங்கம் இல்லை. ஒரு அணிக்குக் கிடைக்காத பதக்கத்தை ஒவ்வொருத்தரின் தனிப்பட்ட குறையாக எழுதி வைப்பது இந்த விளையாட்டைப் புரியாத கணக்கு.

வென்றபோது சொல்கிற கதை இன்னும் மோசம். "அந்த உயரம் இருந்தா ஆரும் அடிக்கலாம்." உயரம் உதவி செய்யும், மறுக்கவில்லை. ஆனால் நீண்ட உடம்பை வேகமாகத் திருப்புவதும், நெற்றடியில் இறங்கி உடனே திரும்பவும் எழும்புவதும், முழங்காலையும் தோளையும் வருஷக்கணக்காகக் காப்பாற்றுவதும் உயரமானவர்களுக்குத்தான் கூடக் கஷ்டம். கவனித்தீர்களா, வென்றால் உயரத்தின் புண்ணியம், தோற்றால் ஆளின் பலவீனம். இரண்டு பக்கத்தாலும் அந்தப் பெண்ணுக்கு உரியது பறிபோகிறது. உழைப்பு எந்தப் பக்கத்திலும் கணக்கில் இல்லை.

லண்டனில் தோற்றபோது கமோவாவுக்கு 31 வயது. கதை அங்கே முடிந்திருந்தால் "அழுதுகொண்டு போனவர்" என்ற படம் மட்டும் மிஞ்சியிருக்கும். முடியவில்லை. 2014 இல், 33 வயதில், டைனமோ கசானோடு ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக்கை வென்றார். அதே வருஷம் உலகக் கழக சம்பியன்ஷிப்பையும் வென்றார். இரண்டிலும் சிறந்த வீராங்கனை அவர்தான். ஆறு வாய்ப்புகளைத் தவறவிட்ட ஆட்டத்தை மனசில் சுமந்துகொண்டு திரும்பவும் பயிற்சிக்குப் போய் நின்றவரின் இரண்டு வருஷம் அது. அந்த இரண்டு வருஷத்துக்குப் பதக்க அட்டவணையில் நிரல் கிடையாது.

பதக்கம் முக்கியமில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. விளையாடுகிறவர்களுக்கு அது முக்கியம், அதனால்தான் அழுகிறார்கள். நாங்கள் கேட்பது, பார்க்கிறவர்கள் கொஞ்சம் ஒழுங்காகப் பார்க்க வேணும் என்பதை மட்டும்தான். இரண்டாம் இடத்தைத் தோல்வி என்று பழக்கப்பட்ட வீடுகளில், பள்ளிக்கூடங்களில் வளர்ந்த எங்களுக்கு இது லேசில் வராது. அதனால் ஒரு வேலை செய்யுங்கள். 2010 ரோக்கியோ இறுதியைத் தேடிப் பாருங்கள். கூடவே ஏதென்ஸ் இறுதியையும் பாருங்கள். முடிவு தெரியாத மாதிரி, கமோவாவை மட்டும் கவனித்து இரண்டையும் பாருங்கள். எந்த ஆட்டத்தில் அவர் பெரிய வீராங்கனை, எதில் இல்லை என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடிந்தால் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள், பிரசுரிக்கிறோம்.