எந்திரன் கேட்ட முதற்குரல்

கடற்பூதம் கப்பலைக் கவிழ்க்கிறது. தீவில் ஒதுங்கிய சிறுவன் கைக்கடிகாரத்தில் தன்னையறியாது பேசிவிடுகிறான். மலையொத்த எந்திரன் அவனுக்கு ஏவலாளாகிறான். முதலில் செவியுற்ற குரலுக்கன்றி வேறு குரலுக்கு அவன் பணியான்! சப்பானியர் 1967இல் எடுத்த 'செயண்டு ரோபோ' தொடரின் முதற்பகுதி இது.

சப்பானியச் சிறுவன் தைசாகுவை அமெரிக்கர் 'சானி சாக்கோ' ஆக்கினர். தம் மக்களுக்கென ஆங்கிலக் குரலும் கொடுத்தனர். குற்றமன்று, அயலார் கதையையும் தாய்மொழியில் ஊட்டுவதே இனவுணர்வுடையார் செயல். 1980களில் தூரதர்சனோ (பெயரே வடமொழி!) அவ்வாங்கிலப் படியை அப்படியே ஒளிபரப்பியது.

இராயபுரத்து மீனவர் சிறார்க்கும், துறைமுகத் தொழிலாளர் சிறார்க்கும் அக்கதையின் கடல் அயலன்று, கப்பல் அயலன்று. மொழி ஒன்றே அயல். எந்திரன் பறந்தது விளங்கிற்று. அவனைப் பறக்கவைத்த ஏவற்சொல் விளங்கவில்லை. தமிழன் ஏவினால் எந்திரனும் கேளான் என்றன்றோ பிஞ்சு நெஞ்சம் எண்ணியிருக்கும்? 1975இலேயே சென்னையில் நிலையம் அமைந்தது. பிறமொழிப் படங்களுக்குத் தமிழ்க்குரல் கொடுத்துப் பழகிய கோடம்பாக்கமோ கூப்பிடு தொலைவு. மனந்தான் இல்லை!

இன்று தனியார் தொலைக்காட்சிகள் சிறார் தொடர்களுக்குத் தமிழ்க்குரல் தருகின்றன. அத்தமிழிலோ பாதி ஆங்கிலம். குரல்மாற்று உரையைத் தமிழறிந்தார் ஒருவர் திருத்திய பின்னரே ஒளிபரப்புக என, திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரையுள்ள பெற்றோர் அந்நிலையங்களுக்கு மடல் எழுதுவாராக!