சிறு கீறலும் நெடும் பொறுமையும்



நாற்பதைக் கடந்த ஒருவர் நெடுநாளைக்குப் பின் இறகுப்பந்து ஆடச் செல்கிறார். பந்தை எட்டக் காலை உந்தியதும், பின்னிருந்து எவரோ குதிகாலில் உதைத்தாற்போல் உணர்கிறார். திரும்பிப் பார்த்தால் ஒருவருமில்லை. கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் தசைநாண் அறுந்துவிட்டது!

உடலின் நாண்களுள் வலிமை மிக்கது இதுவே. குதிகாலில் மட்டும் காயப்படக் கூடியவனாயிருந்த கிரேக்கக் கதை வீரன் அகிலீஸின் பெயரால் இது வழங்குகிறது. இது அறுந்த பின்னும் ஓரளவு நடக்க இயலும்; அதுவே ஆபத்து. சுளுக்கென்றெண்ணி எண்ணெய் தேய்த்து நாள் கடத்துவோர் உளர். அந்த ஒற்றைக் காலின் நுனியில் எழும்பி நிற்க இயலாதெனில், தாமதமின்றி மருத்துவரை நாடுக.

முன்னர் நெடுகக் கீறித் திறந்தே நாணைத் தைத்தனர். அங்குத் தோல் மெல்லியதாதலால் புண் ஆறாமையும் சீழ்பிடித்தலும் நேர்ந்தன. 1977-இல் மா, கிரிஃபித் என்னும் மருத்துவர் இருவர், சிறு துளைகளின் வழியே தைக்கும் முறையை வெளியிட்டனர். இன்று அது சிறு கீறல் முறையாக வளர்ந்துள்ளது. புண் சிறிது, தழும்பும் சிறிது. ஆயினும், ஊசி கண்ணுக்குப் புலப்படாது செல்வதால், அருகே ஓடும் உணர்ச்சி நரம்பு ஊறுபடலாம்.

எம்முறை சிறந்தது? நார்வே நாட்டில் 500-க்கு மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2022-இல் வெளியாயிற்று. அறுவையின்றிக் குணப்படுத்தல், திறந்த அறுவை, சிறு கீறல் ஆகிய மூன்றிலும் ஓராண்டுக்குப் பின் கண்ட நலன் ஏறத்தாழ ஒன்றே. அறுவை செய்யாதாருள் 100-க்கு 6 பேருக்கு நாண் மீண்டும் அறுந்தது. அறுவை செய்துகொண்டாருள் ஒருவருக்கும் குறைவே. நரம்பு ஊறோ சிறு கீறலில் 100-க்கு 5, திறந்த அறுவையில் 3, அறுவையின்றேல் ஒன்றினும் குறைவு. ஆகவே, அவரவர் வயதும் தொழிலும் உடல்நிலையும் நோக்கி, மருத்துவரோடு கலந்து முடிவு செய்தலே முறை.

ஒன்றை மறவாதீர். தோலின் புண் சில வாரங்களில் ஆறும். உள்ளேயுள்ள நாண் உரம் பெறப் பல மாதங்களாகும். கீறல் சிறிதென்பதால் காத்திருப்பு குறுகுவதில்லை. வீட்டாரே, "தழும்பே தெரியவில்லை, இன்னும் ஏன் தாங்கித் தாங்கி நடக்கிறீர்?" என்று அவரை விரைவுபடுத்தாதீர். கண்ணுக்குத் தெரியாத காயத்திற்கும் காலம் தருவதே அன்பு.