முதல் காசு பிரேக்குக்கு

கட்டாரிலும் துபாயிலும் நாலைந்து வருஷம் டிரைவராக இருந்துவிட்டு ஊருக்கு வரும் அண்ணன்மார் முன்பெல்லாம் ஒரு ஆட்டோ வாங்குவார்கள். இப்போது கண் ஜீப் பக்கம் போயிருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த வட்டத்துக்குள்ளேயே, பசறையிலிருந்து மொனராகலை வரைக்கும், நாலு வீட்டு வாசலில் பழைய ஜீப் நிற்கிறது. எல்லாம் வாங்கினவரைவிட வயசு கூடியது. பாதிக்குமேல் மிட்சுபிஷி 4டிஆர்5 எஞ்சின் போட்டவை.

வாங்கின முதல் மாசம் நடப்பதையும் பார்த்துவிட்டோம். முதலில் முன்னுக்கு ஒரு எல்.ஈ.டி. லைட் வரிசை. அடுத்தது பெரிய பல்லு வைத்த டயர். பிறகு கூரையில் ரேக், ஹோர்ன், கண்ணாடியில் ஆங்கிலத்தில் ஒரு ஸ்டிக்கர். அப்புறம் ஆத்துக்குள் இறக்கி ஒரு வீடியோ. "பிரேக் எப்படிண்ணே?" என்று கேட்டால் ஒரே பதில்: "ஓடுதுதானே தம்பி!" ஓடுவது எஞ்சினின் வேலை. நிற்பதைப் பற்றித்தான் கேட்டோம்.

இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கட்சி. வாங்கின பழைய வாகனத்துக்குச் செலவழிக்கும் முதல் காசு பிரேக்குக்கு, இரண்டாவது டயருக்கு, மூன்றாவது ரேடியேட்டருக்கு. லைட்டும் ஸ்டிக்கரும் மிச்சம் இருந்தால்.

ஆஃப் ரோடிங் என்ற சொல்லை யூடியூப்பில் கேட்டால் பாலைவனமும் மணல் மேடும்தான் ஞாபகத்துக்கு வரும். நமக்கு அந்தப் பாலைவனம் கிடையாது. கிட்டத்தில் ஒன்று சொல்லலாம் என்றால் வடமராட்சி மணற்காட்டு மணல் குன்றுகள், அதுவும் பொழுதுபோக்குக்கு வண்டி ஏற்றிக் கெடுக்க வேண்டிய இடமில்லை. நம்ம பக்கம் இருப்பது வேறு. தம்பேதன்னை தோட்டத்திலிருந்து லிப்டன்ஸ் சீட்டுக்கு ஆட்டோவில் ஏறும் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கூவிச் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது ஒரு நாள் சாகசம். அதேமாதிரி கல்லு ரோட்டில் கொழுந்துச் சாக்கும், அரிசி மூட்டையும், காய்ச்சல்காரப் பிள்ளையும் தினமும் போய்வருவதை யாரும் சாகசம் என்று சொல்வதில்லை. சாகசத்துக்கு டிக்கெட் உண்டு, தினசரிக்கு இல்லை.

அந்த ரோடு ஏன் இன்னும் கல்லாகவே கிடக்கிறது என்பதற்கு ஒரு சட்டக் கதையும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் தோட்டப் பகுதிக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. சபையைக் கேட்டால் தோட்டத்தைக் காட்டும், தோட்டத்தைக் கேட்டால் சபையைக் காட்டும். 2018இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். முப்பது வருஷத்துக் குழிகளை ஒரு திருத்தம் ஒரே நாளில் மூடாது என்பதை லயத்துக்குப் போகும் எந்த ரோட்டிலும் பார்க்கலாம்.

அதனால் நம்ம ஊரில் ஒரு ஜீப் வந்தால் அது சொந்தக்காரனுடைய ஜீப்பாக மட்டும் இருக்காது. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், நல்ல சேவை. ஆனால் தார் ரோடு முடியும் இடத்துக்கு மேலே பல டிவிசன்களுக்கு அதனால் ஏற முடியாது. மிச்ச ரெண்டு மைலுக்கு யாருடைய வண்டி? வாசலில் நிற்கும் ஜீப்தான். ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். பின் சீட்டில் வலியெடுத்த ஒரு அக்கா இருப்பார். அந்த ராத்திரியில் எல்.ஈ.டி. லைட் எத்தனை வாட்ஸ் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

சரி, பிரேக்கிலிருந்தே தொடங்குவோம்.

மலையில் ஏறுவது எஞ்சினுக்குக் கஷ்டம், இறங்குவது உயிருக்குக் கஷ்டம். 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில், பாறை சரிந்து ரோட்டில் கிடந்த இடத்தில் பஸ் பள்ளத்தில் விழுந்து 14 பேர் செத்துப்போனார்கள். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி ராத்திரி எல்ல - வெல்லவாய ரோட்டில் 15 பேர். ரெண்டும் தார் போட்ட பெரிய ரோடு, ஓட்டினவர்கள் தொழில்முறைச் சாரதிகள். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் தனி. ஆனால் நாம் எந்த மாதிரி மலையில் வண்டி ஓட்டுகிறோம் என்பதைச் சொல்ல இந்த ரெண்டு திகதியும் போதும்.

பழைய ஜீப் பலதில் நாலு சில்லுக்கும் டிரம் பிரேக். வாங்கின அன்றைக்கே கராஜில் விட்டு நாலு டிரம்மையும் கழற்றச் சொல்ல வேண்டும். லைனிங் எவ்வளவு மிச்சம், சிலிண்டரில் ஒயில் கசிகிறதா, டிரம் உள்ளுக்குக் கோடு விழுந்திருக்கிறதா என்று நாமே குனிந்து பார்க்க வேண்டும். "நல்லாயிருக்கு தம்பி" என்ற வாய்ச்சொல் போதாது. பாஸ் கோபித்தால் கோபிக்கட்டும். காசு கொடுப்பது நாம்.

பிரேக் ஒயிலை முழுசாக வடித்துப் புதுசு ஊற்றுவது இன்னொன்று. குறைந்தால் மேலே கொஞ்சம் ஊற்றிவிட்டால் சரி என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அந்த ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கும். நீளமான இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகி, ஒயிலும் சூடாகி, குழாய்க்குள் ஆவி உண்டாகும். ஆவியை அமுக்கினால் அமுங்கிவிடும், அழுத்தம் சில்லுக்குப் போகாது. பெடல் நேரே தரைக்குப் போகும். பத்து நிமிஷத்துக்கு முன்னால் நன்றாகப் பிடித்த பிரேக் அந்த வளைவில் பிடிக்காமல் போவது இப்படித்தான். அதில் பேய் வேலை ஒன்றும் கிடையாது.

இதற்கு மருந்தைப் பழைய லொறிக்கார மாமாமார் எப்பவோ சொல்லிவிட்டார்கள்: எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களும் நம்ம ஊரில்தான் இருக்கிறார்கள். மிச்சம் பிடிப்பது ஒரு போத்தல் டீசல். ஆத்தைக் கடந்து வந்த உடனே டிரம் நனைந்திருக்கும், அதனால் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துக் காய வைத்துவிட்டுத்தான் இறக்கத்தில் விட வேண்டும். வீடியோவில் தண்ணீர் தெறிக்கும் காட்சி வரும். இந்தக் காய வைக்கும் காட்சி வராது.

டயர் விஷயத்தில் வளைகுடா அனுபவம் சிலரை ஏமாற்றுகிறது. அங்கே மணலில் இறங்கும் முன் காற்றை 15 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குவார்கள். டயர் தட்டையாகி நீளமாகத் தரையைத் தொடும், புதையாமல் மிதந்து போகும். மணலுக்கு அது சரியான வித்தை. அதையே நம்ம கல்லு ரோட்டில் செய்தால் கல்லு டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும், இல்லையென்றால் ரிம்மில் அடிக்கும். கல்லுக்குக் கொஞ்சம் மட்டும் இறக்கலாம், குலுக்கல் குறையும். ஆனால் தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடியும் ஏற்ற வேண்டும், காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும். ஆகவே அளக்கும் கேஜ் ஒன்றும் கால் பம்ப் ஒன்றும் வண்டியில் இல்லாமல் காற்றில் கை வைக்காதீர்கள்.

டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் வருஷத்து 23ஆவது வாரத்தில் செய்தது. பல்லு புதுசு மாதிரி இருந்தும் ரப்பர் கிழடாகி வெடிப்பு விட்டிருக்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த அஞ்சு வருஷத்தில் பழைய வாகனம் எல்லாம் தங்க விலைக்குப் போனது. விலை ஏறினால் பெயின்டும் ஏறும். பெயின்டுக்குக் கீழே பார்ப்பதுதான் வாங்குகிறவனின் வேலை. வண்டிக்கடியில் படுத்து சேஸியைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், துரு தின்ற இடம் சத்தத்திலேயே தெரியும். புத்தகத்தில் இருக்கும் சேஸி இலக்கமும் வண்டியில் இருக்கும் இலக்கமும் ஒன்றா, லீசிங் பாக்கி இருக்கிறதா என்பதெல்லாம் காசு கொடுக்கும் முன்னமே பார்த்து முடித்திருக்க வேண்டியது.

பெரிய டயர் பற்றி ஒரு வார்த்தை. அது போட்டால் வண்டி உயரும், உயர்ந்தால் சரிவில் கவிழும் சாத்தியமும் உயரும். கனமான சில்லை நிறுத்தப் பிரேக்குக்கு வேலை கூடும். ஸ்பீட் மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். புதிதாக ஓடப் பழகுகிறவருக்கு கம்பனி சொன்ன அளவு டயர் தாராளம்.

4x4 வேலை செய்கிறதா என்பதையும் நம்பிக்கையின்பேரில் விடக் கூடாது. கியர் லீவர் விழும், ஆனால் முன் சில்லு இழுக்காது, அப்படியும் வண்டி விற்கிறார்கள். ஈர மண்ணில் மெதுவாக விட்டு, வெளியே ஒருவர் நின்று நாலு சில்லும் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன் சில்லில் ஹப் பூட்டு இருந்தால் இறங்கி அதைத் திருப்பினால்தான் இழுக்கும். காய்ந்த தார் ரோட்டில் இந்த ஜீப்புகளை 4x4இல் ஓட்டினால் கியர் பெட்டி முறுக்கிக்கொள்ளும்.

புழுதியும் நமக்கு உண்டு. ஜூனிலிருந்து செப்டெம்பர் வரைக்கும் புத்தல, தனமல்வில, சியம்பலாண்டுவ பக்கத்துக் கிறவல் ரோடுகளில் நாலு வண்டி போனால் செம்புழுதியில் அஞ்சாவது வண்டி தெரியாது. நமக்குக் கிடைத்த பாலைவனம் அதுதான். அந்த மாசங்களில் எயார் ஃபில்டரை அடிக்கடி கழற்றித் தட்டிப் பார்க்காவிட்டால் அந்தப் புழுதி எஞ்சினுக்குள் அரம் மாதிரி வேலை செய்யும். ஏற்றத்துக்குப் பயந்து ரேடியேட்டர் ஹோஸையும் ஃபேன் பெல்ட்டையும் முன்கூட்டியே மாற்றிவிடலாம், மற்றதோடு பார்த்தால் அவை மலிவு. பிறகு ஒக்டோபருக்கு மேல் மழை தொடங்கும், புழுதி எல்லாம் சேறாகும்.

சேறு என்றால் சிக்குவோம். இங்கேதான் எங்களுக்கு அதிகம் பயம், ஏனென்றால் சிக்கின வண்டியை இழுப்பது நம்ம ஊரில் ஒரு திருவிழா. இருபது பேர் சுற்றி நிற்பார்கள், பிள்ளைகள் முன்வரிசை. இரும்புக் கம்பிக் கேபிளோ கயிறோ இழுவிசையில் அறுந்தால் சாட்டை மாதிரித் திரும்பி வரும். டோ போலில் கொழுவி இழுக்கும்போது அந்த இரும்புக் குண்டு பிய்ந்து பறந்து ஆட்கள் செத்த சம்பவம் அவுஸ்திரேலியாவில் நடந்திருக்கிறது. சேஸியில் உறுதியாகப் பூட்டிய கொக்கியில்தான் கொழுவ வேண்டும். கயிற்றின் நீளத்தைவிடக் கூடுதலான தூரத்துக்கு எல்லாரையும் விரட்ட வேண்டும், வீடியோ எடுக்கும் மச்சானையும் சேர்த்து. பலதடவை கயிறே தேவைப்படாது. ஒரு மண்வெட்டி, ஜாக்குக்குக் கீழே வைக்க ஒரு பலகை, சில்லுக்கு முண்டு கொடுக்க ரெண்டு மரக்கட்டை போதும். ஏற்றத்தில் லொறி நின்றதும் கட்டையோடு குதிக்கும் கிளீனர் பையனைப் பார்த்திருப்பீர்கள். இதில் அவன்தான் நமக்கு வாத்தியார்.

லைட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நமுனுகுல, அப்புத்தளை பக்கத்துப் பனியில் நல்ல லைட் வேண்டும்தான். ஆனால் கூரையில் எரியும் வெள்ளை லைட் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். தாழ்வாகப் பூட்டிய ஃபொக் லைட்தான் ரோட்டைக் காட்டும். கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் ஆட்டோக்காரரின் கண்ணைக் குருடாக்குவது அந்தக் கூரை லைட்தான். அவர் பக்கம் பள்ளம் இருந்தால்?

"ஜாலியே வேணாம்ங்கிறீங்களா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேணும். எங்களுக்கும் ஆசைதான். லயத்துப் பிள்ளை சொந்த ஜீப்பில் மலை ஏறுவதைப் பார்க்க எங்களுக்கு ஒரு பெருமை இருக்கிறது, அதை மறைக்கவில்லை. துரைமாரின் ஜீப் வந்தால் ஒதுங்கி நின்ற ரோடு அது. அதனால்தான் அந்த ஜீப் ஒரு வருஷத்தில் பள்ளத்திலோ பழைய இரும்புக் கடையிலோ முடியக் கூடாது என்கிறோம். இன்னொரு பயமும் இருக்கிறது. "உங்க பொடியன்மார்கிட்டதான் ஜீப் இருக்கே" என்று நாளைக்கு ரோடு போட வேண்டியவர்கள் சொல்லிவிடக் கூடாது. ஜீப் நன்றாக இருப்பது ரோட்டுக்குப் பதில் ஆகாது. 2018 திருத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரதேச சபை உறுப்பினரிடம் கேட்பதும் வண்டியைத் தயார்படுத்துவதைப் போலவே செய்ய வேண்டிய வேலை.

முதல் ஓட்டத்துக்குத் தயாராகிறவர்களுக்கு: பகலில் போங்கள், மழை இல்லாத நாளில். பின்னுக்கு ஆள் ஏற்றாமல், பெல்ட் போட்டு, ரெண்டே பேர். இன்னொரு வண்டி கூட வந்தால் இன்னும் நல்லது. சிக்னல் இல்லாத இடம் என்றால் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தெரியாத இறக்கம் வந்தால் வண்டியை மேலேயே நிறுத்தி, கட்டை போட்டு, இறங்கி அடி வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். நடக்கவே வழுக்கினால், அன்றைக்கு அந்த ரோடு வேண்டாம்.