ஏரியில எனக்குப் பங்கு உண்டா?

போன வாரம் ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒருத்தர், "உங்க ஊர் மீனவர்களைப் பத்தி ஒரு கட்டுரை படிச்சேன். சமத்துவம்னா அதாங்க"ன்னு ரொம்பவே உணர்ச்சிவசப்பட்டாரு. ஊர்னா பழவேற்காடு ஏரிக்கரைல ஒரு குப்பம். பேரு வேணாம். பெரியப்பா வகையறா யாராச்சும் படிச்சுட்டா வம்பு எனக்குத்தான் :-) அவர் சிலாகிச்சது எங்க பாடு முறையை. அப்ப பெருமையாத்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறுத்த ஆரம்பிச்சது.

தெரியாதவங்களுக்காக சின்னதா ஒரு விளக்கம். இறால் முட்டை விடுறது கடல்ல. குஞ்சுங்க முகத்துவாரம் வழியா ஏரிக்குள்ள வந்து, உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் கலந்து கெடக்குற எடத்துல வளரும். வளர்ந்ததும் திரும்பக் கடலுக்குக் கெளம்பும். அப்படிக் கெளம்புறப்ப, தண்ணி வத்துற நேரம் பார்த்து, கழி நட்டு வலை கட்டி மறிக்கணும். நல்ல நீரோட்டம் உள்ள எடம் ஏரில கொஞ்சம்தான். எல்லாரும் அங்கயே போய் நின்னா மண்டை உடையும். அதனால எடங்களைப் பிரிச்சு, சீட்டு குலுக்கி, முறை வச்சுக்கிட்டாங்க. இன்னிக்கு நல்ல எடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. வீட்டுல எத்தனை வலை இருந்தாலும் முறை வந்தாத்தான் எறங்க முடியும். இதுக்கு கவர்மெண்ட் ஆபீசரும் கெடையாது, போலீசும் கெடையாது.

இந்த மாதிரி பொதுச்சொத்தை ஊர்க்காரங்களே ஒழுங்கா ஆண்டுக்க முடியும்னு சொன்னதுக்குத்தான் எலினார் ஆஸ்ட்ரம் அம்மாவுக்கு 2009-ல பொருளாதார நோபல் கெடைச்சது. இலங்கைல நீர்கொழும்பு களப்புலயும் இதே மாதிரி சீட்டு போட்டுத்தான் வலை கட்டுறாங்க. ஆக, நம்மாளுங்க செஞ்சது சாதாரண விஷயம் இல்ல. ஒத்துக்கறேன்.

ஆனா சீட்டுல யார் பேரு இருக்கு?

தலைக்கட்டு பேரு இருக்கு. தலைக்கட்டுன்னா ஆம்பள. அதுவும் எங்க சாதி ஆம்பள. அவ்ளோதான் அந்த 'எல்லாரும்'.

அப்பாவுக்கு முட்டி போனதும் அண்ணன் பேரு ஏறுச்சு. அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனில ஷிப்ட் பாக்குறான். வருஷத்துல ரெண்டு தடவை ஊருக்கு வந்தா பெரிசு. ஏரித் தண்ணி பட்டா கால்ல அரிப்பு வருதுன்னு சொல்றவன். அவன் முறையை சித்தப்பா பையன் கட்டிக்கிறான், ஆனா பேரு அவன் பேருதான். நான் எட்டாவது படிக்கிறப்பவே அப்பா கூட உக்காந்து வலை பொத்துனவ. எந்த மாசம் வெள்ளை இறால் எறங்கும்னு எனக்குத் தெரியும். என் பேரை ஒரு பேச்சுக்குக்கூட யாரும் எடுக்கல. எனக்கே அப்ப தோணல, அதுதான் கொடுமை.

எங்க வீட்டுக்கு ரெண்டு ஏக்கர் நஞ்சை இருந்திருந்தா கதை வேற. தமிழ்நாட்டுல 1989-லயே பரம்பரைச் சொத்துல பொண்ணுக்கும் சமபங்குன்னு சட்டம் வந்துடுச்சு. 2005-ல நாடு முழுக்க வந்துச்சு. தண்ணிக்கு ஏதுங்க பட்டா? எங்க சொத்து காகிதத்துல இல்ல, அதனால சட்டம் கரையோட நின்னுடுச்சு.

நானாவது கரைல நின்னு பேசறேன். இருளர் வீட்டுப் பொம்பளைங்க இடுப்பளவு தண்ணில குனிஞ்சு, சேத்துல கையால தடவித் தடவி இறால் புடிப்பாங்க. ஓலைல பின்னுன பறியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, புடிக்கப் புடிக்க அதுல போடுவாங்க. மணிக்கணக்கா அப்படியே. வலை இல்ல, படகு இல்ல, முறையும் இல்ல. அந்த ஏரியை அவங்க அளவுக்குத் தொட்டுப் பார்த்தவங்க யாரு? சின்ன வயசுல கரைல நின்னு அவங்களப் பார்த்து சிரிச்ச கூட்டத்துல நானும் இருந்தேன். இதை எழுதாம விட்டா மத்ததெல்லாம் எழுத எனக்கு யோக்கியதை இல்ல.

இதையெல்லாம் இப்ப ஏன் கெளப்பறேன்? காட்டுப்பள்ளி துறைமுகம். 2018-ல அதானி குழுமம் வாங்குச்சு. 6,110 ஏக்கர் அளவுக்கு விரிக்கணும்னு திட்டம் வந்துச்சு. 2021 ஜனவரிலயும் 2023 செப்டம்பர்லயும் அறிவிச்ச கருத்துக்கேட்புக் கூட்டம் ரெண்டும் தள்ளிப்போச்சு. கரை அரிச்சு, முகத்துவாரம் தூந்து போனா இறால் எந்த வழியா உள்ள வரும்ங்கறதுதான் எங்க பயம். அந்தப் போராட்டத்துல முன் வரிசைல வெயில்ல உக்காந்தது எல்லாம் பொம்பளைங்க. "ஏரி எங்க உசுரு"ன்னு தொண்டை கிழியக் கத்துனது எங்கம்மா. சாயங்காலம் ஊர்க்கூட்டத்துல அடுத்து என்ன செய்யலாம்னு பேசினப்ப, அம்மா வீட்டுல டீ போட்டுட்டு இருந்தாங்க. "ஏரி எல்லாருக்கும் சொந்தம்"னு வெளிய சத்தமா சொல்றோம். உள்ளயும் கொஞ்சம் சொல்லிப் பாக்கலாமே?

"இருக்குற மீனே பத்தல, இதுல பங்குக்கு நீ வேறயா?"ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். முன்னாடி மாதிரி பாடு இல்ல, அது நெசம். ஆனா அண்ணன் மாதிரி பேரை மட்டும் சீட்டுல விட்டுட்டுப் போனவங்க எத்தனை பேருன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. எடம் இல்லாம இல்ல. பாடு முறையைத் தூக்கிப் போடச் சொல்லல நான். போட்டா நாளைக்கே காசு உள்ளவன் மொத்த ஏரியையும் வளைச்சுடுவான். சீட்டுல இன்னும் கொஞ்சம் பேரைச் சேருங்கன்னுதான் கேக்கறேன்.

பொங்கலுக்குப் போனப்ப சித்தப்பாகிட்ட விளையாட்டா கேக்குற மாதிரி கேட்டேன். சிரிச்சாரு. "வலை கட்டணும்னா நடு ராத்திரி தண்ணில எறங்கணும்மா. உனக்கு நீச்சல் தெரியுமா?"ன்னாரு.

தெரியும் சித்தப்பா. நீங்கதான் கத்துக் குடுத்தீங்க. அண்ணனுக்குத்தான் கடைசி வரைக்கும் வரல.