ட்ரோன் செய்தியில் விடுபட்டுப்போகும் கேள்வி

காலை ஏழரை மணி. ஷிஃப்ட்டுக்குப் போகும் வழியில் திருப்பூர் பேக்கரிகளில் ஒரு டீ, கூடவே ஒரு பேப்பர். 2024 ஜனவரியில் அந்தப் பேப்பர்களில் செங்கடல் அடிக்கடி வந்துபோனது. ஏமனின் ஹவுத்திகள் ட்ரோனும் ஏவுகணையும் விட்டுச் சரக்குக் கப்பல்களைத் தாக்கியதால், சூயஸ் கால்வாயைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் பனியன் பெட்டிகள் பத்து, பதினைந்து நாள் தாமதம். கன்டெய்னர் வாடகை பல மடங்கு.

கடலில் நாள் கூடினால், தைத்து முடிக்கும் நாள் குறையும். தேதி தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவு கம்பெனி தலையில் விழும். அதனால் 'சண்டை அங்கீங்க, டிஸ்கவுன்ட் மட்டும் நம்மகிட்டயா?' என்கிற மாதிரி புலம்பல்தான் ஊரில் பெரிதாக இருந்தது. பேப்பர்களும் அதைத்தான் எழுதின. தப்பில்லை, வயிற்றுப்பாடு.

ஆனால் அதே செய்திக்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது. யார், யாரை, எந்தச் சட்டப்படி அடிக்கலாம்?

2023 டிசம்பர் 23 அன்று குஜராத் கடற்கரைக்கு அப்பால் 'கெம் புளூட்டோ' என்ற ரசாயனக் கப்பலை ஒரு ட்ரோன் தாக்கியது. ஊழியர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். இதில் குழப்பமே இல்லை. சரக்கு ஏற்றிப் போகும் சிவிலியன் கப்பல் போர் இலக்கு ஆகாது.

குழப்பம் அடுத்த கட்டத்தில்தான். 2024 ஜனவரி 10 அன்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 2722-வது தீர்மானத்தை நிறைவேற்றியது. சர்வதேசச் சட்டத்துக்கு உட்பட்டுத் தங்கள் கப்பல்களைக் காத்துக்கொள்ள நாடுகளுக்கு உள்ள உரிமையை அது குறிப்பிட்டது. ஏமன் மண்ணில் குண்டு போடலாம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் ஜனவரி 12 அதிகாலையில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஏமனுக்குள்ளேயே தாக்கின. காரணம் கேட்டபோது, தற்காப்பு பற்றிய ஐ.நா. சாசனத்தின் 51-வது பிரிவைக் காட்டினார்கள். கப்பலை நோக்கி வரும் ட்ரோனைச் சுட்டு வீழ்த்துவது தற்காப்பு, சரி. கரையில் உள்ள கிடங்கை முன்கூட்டியே அடிப்பதும் தற்காப்பா? இதற்கு அனுமதி தரவேண்டியது நாங்கள்தான் என்று அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரே கேட்டார்கள். இரண்டு கட்சியிலிருந்தும்!

இந்த மாதிரி விவாதம் தலைப்புச் செய்தியில் இடம்பெறுவதில்லை. '10 தீவிரவாதிகள் பலி' என்பதுதான் வரும். அந்த 'தீவிரவாதி' யார் எண்ணியது? 2012-ல் நியூயார்க் டைம்ஸ் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. தாக்குதல் பகுதியில் இறந்த, போருக்குப் போகும் வயதுள்ள ஆண்கள் எல்லோரையும் போராளிக் கணக்கில் சேர்ப்பதுதான் ஒபாமா அரசின் முறை. நிரபராதி என்று செத்த பிறகு ஆதாரம் கிடைத்தால் மட்டும் விலக்கு. அரசின் எண்ணை அப்படியே அச்சடித்த பேப்பர்கள் எத்தனை!

காபூலில் 2021 ஆகஸ்ட் 29 அன்று நடந்த ட்ரோன் தாக்குதலும் முதலில் இப்படித்தான் வந்தது. காரில் வெடிகுண்டு, குறி தப்பவில்லை என்றது அமெரிக்க ராணுவம். அந்தப் பத்திரிகை கண்காணிப்பு கேமரா பதிவுகளை நிமிடம் நிமிடமாக ஆராய்ந்து, காரில் ஏற்றியது தண்ணீர் கேன்களாக இருக்கலாம் என்று செப்டம்பர் 10 அன்று காட்டியது. ஒரு வாரத்தில் தவறை ஒப்புக்கொண்டார்கள். செத்தவர்கள் 10 பேர், அதில் 7 பேர் குழந்தைகள். யார்மீதும் நடவடிக்கை இல்லை.

2025 ஏப்ரல் 28 அன்று ஏமனின் சாதாவில் ஒரு தடுப்பு மையம் விமானத் தாக்குதலில் இடிந்தது. ஹவுத்தி தரப்புக் கணக்கில் 68 பேர் பலி, எல்லோரும் ஆப்பிரிக்கர்கள். வேலை தேடிச் சவுதிக்குப் போகும் வழியில் ஏமனில் மாட்டிக்கொள்கிறவர்கள் இவர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பையோடு ரயிலில் வந்திறங்கும் பையன்களைத் தினமும் பார்க்கிற ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மதிப்பீடு செய்துகொண்டிருக்கிறோம் என்றது அமெரிக்க ராணுவம்.

எட்டே நாளில், மே 6 அன்று, அமெரிக்காவும் ஹவுத்திகளும் சண்டையை நிறுத்துவதாக ஓமன் அறிவித்தது. அந்த அறிவிப்பு கப்பல் போக்குவரத்தைப் பற்றிப் பேசியது. சாதாவில் செத்தவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.