நூறு ரூபாய் இயர்போனைத் திட்டாதீங்க

நம்ம காலேஜ் பஸ்ல பின்சீட் வரைக்கும் ஒருதடவை நடந்து பாருங்க. நூறு, நூற்றைம்பது ரூபாய் இயர்போன் மாட்டியவர்கள் நிறைய பேர். அதில் ஒரு பக்கம் மட்டும் பாடுவதும் நிறைய. "சீப்பா வாங்கினா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் அதே மாதிரி இன்னொன்று வாங்குகிறோம். என்னைக் கேட்டால், அந்த விலைக்கு சவுண்ட் மோசமே இல்லை. மோசம் வயர்தான். நாம ரெண்டையும் ஒண்ணாப் போட்டுத் திட்டுறோம்.

உள்ளே இருப்பது ஒரு குட்டி காந்தம், மெல்லிய செம்புக் கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய பிளாஸ்டிக் டயாஃப்ரம். ரெண்டாயிரம் ரூபாய் இயர்போன்களிலும் பெரும்பாலும் இதே டைனமிக் டிரைவர்தான். காசு கூடும்போது கிடைப்பது இடது வலது ஒரே அளவில் ஒலிப்பதும், ஒழுங்கான ட்யூனிங்கும். சீப் பீஸில் பேஸைத் தூக்கி வைத்திருப்பார்கள், பாடகர் குரல் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். அதே சமயம் "பேஸே இல்ல மச்சி" என்று புலம்பும் பலருக்குப் பிரச்சினை டிரைவர் இல்லை, ரப்பர் டிப். பாக்ஸில் மூணு சைஸ் வரும். மாட்டி வந்த சைஸைத் தவிர மற்றதைத் தொட்டிருக்கீங்களா? காதுத் துளை சரியாக அடைபடாவிட்டால் முதலில் காணாமல் போவது பேஸ்தான். ரெண்டு காதும் ஒரே சைஸ் என்றும் கிடையாது. இடதுக்கு ஸ்மால், வலதுக்கு மீடியம் போட்டால் யாரும் கேஸ் போட மாட்டாங்க.

மலையில் இருக்கிற நமக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் கீழே போகிறோம், காற்றழுத்தம் ஏறிக்கொண்டே வரும். டிப்பை இறுக்கி அடைத்துக்கொண்டு இறங்கினால் காது அடைப்பு இன்னும் கஷ்டமாத் தெரியும். அப்பப்ப கழட்டிட்டு எச்சில் முழுங்குங்க.

டிப் அடைக்காத பழைய தட்டை டைப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பஸ் இன்ஜின் அலறலை மிஞ்ச வால்யூமை ஏத்துவோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். தினமும் போக வர ஒரு மணி நேரம் என்றாலே ஐந்து நாளில் அதைத் தாண்டிவிடும். காது நரம்பு போனால் திரும்ப வராது, அதுக்கு வாரன்டியும் கிடையாது. அதனால் பஸ்ஸுக்கு டிப் வைத்தது.

எஸ்டேட் பாதையில் நடக்கும்போது அதே தட்டை டைப்தான் நல்லது. குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைக்கு நடுவே காட்டெருமை நிற்பது நமக்குப் புதுசு இல்லை. பனிமூட்டத்தில் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி காதுக்குத்தான் தெரியும். நாய்ஸ் கேன்சலேஷன் விளம்பரத்தில் வரும் ஹீரோ எவனும் சாயங்காலம் ஆறு மணிக்கு எஸ்டேட் லைனுக்கு நடந்து போனதில்லை.

சரி, வயர். இந்த இயர்போன் சாகும் இடம் பெரும்பாலும் ஜாக்கின் கழுத்துதான். கெட்டிப் பிளாஸ்டிக் முடிந்து மெல்லிய வயர் தொடங்கும் அந்த ஒரே புள்ளியில் எல்லா வளைவும் விழும். ஸ்ட்ரெஸ் கான்சென்ட்ரேஷன், ஃபெட்டீக் என்று பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினோமே, அது பாக்கெட்டுக்குள்ளேயே நடக்குது. ஊட்டி ஜனவரிக் குளிரில் பிவிசி உறை விறைத்துப் போவது இதை இன்னும் சீக்கிரம் முடிக்கும். டிரைவர் நல்லா இருக்கும்போதே மொத்தத்தையும் குப்பையில் போடுகிறோம். பர்லியாறு செக்போஸ்ட்டில் தண்ணி பாட்டிலைப் பிடுங்குகிற மாவட்டத்தில் இதை எவரும் கேட்பதில்லை.

டிடபிள்யூஎஸ், அதாவது வயரே இல்லாதது வாங்கினால் தீர்ந்துச்சா? அதில் வயருக்குப் பதில் பேட்டரி சாகும். ரெண்டு மூணு வருஷத்தில் சார்ஜ் நிற்காது, சீப் பீஸில் அதைத் திறந்து மாற்றவும் முடியாது. வயர் பீஸைத் திறக்கலாம். கழுத்துக்குக் கீழே வெட்டி, புது 3.5 எம்எம் ஜாக் சால்டர் பண்ணினால் போதும். கம்பி மேல் எனாமல் பூச்சு இருக்கும், அதைச் சூட்டில் எரிக்காமல் ஈயம் ஒட்டாது. நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரில் பாருங்க, இடது கம்பிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 16 அல்லது 32 ஓம் பக்கம் காட்டினால் காயில் உயிரோடு இருக்கு. மைக் வைத்த ஜாக் என்றால் நுனியிலிருந்து இடது, வலது, கிரவுண்ட், மைக் என்பதே இப்போது வழக்கமான வரிசை.

எலக்ட்ரானிக்ஸ் லேபில் சால்டரிங் அயர்ன் இருக்கு. வாரத்தில் ஒரு சாயங்காலம் அதைத் திறந்து வைத்தால், எஸ்டேட்டிலிருந்து வரும் நம்ம ஜூனியர்ஸ் மாதா மாதம் நூறு ரூபாய் தண்டம் கட்ட வேண்டாம். ஹெச்ஓடி சாரிடம் லெட்டர் கொடுக்க நான் ரெடி, கூட கையெழுத்துப் போட நாலு பேர் வேணும். செத்துப்போன பீஸ் வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதீங்க, முதல் நாளுக்குக் கொண்டு வாங்க.