காபந்துப் பயிற்சியாளர்

காபந்து அரசு முக்கியக் கொள்கை முடிவுகளை எடுக்கக் கூடாது என்பது நமது அரசியல் மரபு. கால்பந்திலும் அப்படியொரு பதவி உண்டு. பருவத்தின் நடுவே தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டதும் அவரது இடத்தில் அமர்த்தப்படும் இடைக்காலப் பயிற்சியாளரின் பதவிதான் அது. முந்தையவர் விட்டுச் சென்ற தோல்வியின் சுமை அவர் தலையில். வீரர்களை வாங்கும், விற்கும் அதிகாரமோ நிர்வாகத்தின் கையில்.

2024 டிசம்பரில் கொச்சியில் நடந்ததும் இதுதான். இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் கேரள பிளாஸ்டர்ஸ் அணி முதல் 12 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே வென்று, ஏழில் தோற்று, 11 புள்ளிகளுடன் தத்தளித்தது. சுவீடனைச் சேர்ந்த பயிற்சியாளர் மிகேல் ஸ்டாரே நீக்கப்பட்டார். உதவிப் பயிற்சியாளர் டி.ஜி. புருஷோத்தமனிடமும் இளம் வீரர்களை உருவாக்கும் பிரிவைக் கவனித்து வந்த ஒருவரிடமும் அணி ஒப்படைக்கப்பட்டது.

இத்தகைய நேரங்களில் ரசிகர்கள் இரண்டாகப் பிரிவது வழக்கம். பெயர்பெற்ற வெளிநாட்டவரை உடனே அழைத்து வர வேண்டும் என்பது ஒரு சாராரின் வாதம். வீரர்களை அறிந்த உள்ளூர்க்காரரே பருவம் முடியும்வரை நீடிக்கட்டும் என்பது மறு சாராரின் வாதம். இந்த இரைச்சலில் நிர்வாகம் ஓசையின்றித் தப்பிவிடுகிறது.

கேரள அணியின் ரசிகர் அமைப்பான மஞ்ஞப்படை ஏமாறவில்லை. ஸ்டாரே நீக்கப்படுவதற்கு முன்பே, நிர்வாகத்தைக் கண்டித்து டிக்கெட் வாங்கப் போவதில்லை என்று அது அறிவித்தது. 2014, 2016, 2022 ஆகிய மூன்று இறுதி ஆட்டங்களிலும் தோற்ற அணி அது. 2015, 2018, 2021 ஆகிய ஆண்டுகளிலும் பருவத்தின் நடுவே பயிற்சியாளரை இழந்த அணி. பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருக்க, அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களிடம் மட்டும் யாரும் கணக்குக் கேட்கக் கூடாதா?

எஞ்சிய 12 ஆட்டங்களில் புருஷோத்தமன் காலத்தில் கிடைத்தவை 18 புள்ளிகள். அணி எட்டாவது இடம் பிடித்தது. பயிற்சியாளர் மாறியதும் அணி சற்றே நிமிர்வது உலகெங்கும் காணப்படுவதுதான். 12 ஆட்டங்களை வைத்து எவரையும் மேதை என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் வாய்ப்புக்குத் தகுதியானவர் என்று சொல்ல அது போதாதா? பருவம் முடிந்ததும் ஸ்பெயினைச் சேர்ந்த டேவிட் கட்டாலா நியமிக்கப்பட்டார்.

அணி உடைந்து கிடக்கும்போது மட்டும் இந்தியப் பயிற்சியாளரின் நினைவு வருகிறது என்பதுதான் இதன் சாரம். ஐஸால் அணிக்கு 2017-ல் ஐ-லீக் பட்டம் பெற்றுத் தந்த காலித் ஜமீலே, சூப்பர் லீகில் 2021 ஜனவரியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியின் இடைக்காலப் பொறுப்பு வழியாகத்தான் நுழைய முடிந்தது. அவர் அந்த அணியை அரையிறுதி வரை கொண்டு சென்ற பிறகே நிரந்தரப் பதவி கிடைத்தது. 2025 ஆகஸ்டில் தேசிய அணியின் பயிற்சியாளரானார். இந்தியர் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்றது 13 ஆண்டுகளுக்குப் பிறகு என்பதை அகில இந்திய கால்பந்து சம்மேளனம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தியர் என்பதாலேயே வெற்றி வந்துவிடாது. 2025 அக்டோபரில் மட்காவில் சிங்கப்பூரிடம் தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை ஜமீலின் அணியும் இழந்தது. தோல்விக்கு அவரும் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வெளிநாட்டவருக்குப் பருவத்தின் தொடக்கத்திலேயே தரப்படும் அதிகாரமும் அவகாசமும் தகுதியுள்ள இந்தியருக்கும் தரப்பட வேண்டும்.

இடைக்காலப் பயிற்சியாளர் யார் என்று விவாதிக்க ரசிகர்களுக்கு உரிமை உண்டு. அதைவிட முக்கியமான கேள்வி, அந்த நாற்காலி ஏன் அடிக்கடி காலியாகிறது என்பது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மைதானத்தில் இல்லை. உரிமையாளர்களுக்கான மாடத்தில் அமர்ந்திருக்கிறார்கள்.